காலித் தோட்டா

சென்ற வாரம் இந்தப் பகுதியில் பழைய கடிகாரங்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த நேயர் ஒருவர், "கடிகாரம், பேனா, கிராமபோன் என்று கடிக்காத பிராணிகளாகப் பார்த்தே நீர் வளர்த்து வருகிறீர்" என்று எழுதியிருக்கிறார். என் பிதிரார்ஜிதமான தைரியத்தைச் சந்தேகித்த அந்த அன்பருக்கு விடையாக, கடிக்கக் கூடிய பழம்பொருள் ஒன்றை இந்த வாரம் கையில் எடுக்கிறேன்.

என் சகோதரியின் குமாரன் அமெரிக்காவில், பென்ஸில்வேனியா மாகாணத்தில், பல வருஷங்களாக உத்தியோகம் பார்க்கிறான். அந்நாட்டுப் பிரஜையாகவும் ஆகிவிட்டான். மற்றப் பிள்ளைகள் டென்னிஸ் ஆடுகிறார்கள். சங்கீத சபை நடத்துகிறார்கள். இவனோ பழைய பட்டாளத்துத் துப்பாக்கிகளைச் சேகரிக்கிறான். சனிக்கிழமை காலையில் அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியேயுள்ள சுடு மைதானத்துக்குப் போய்விடுகிறான். டெலிபோனில் இதைக் கேட்ட என் சகோதரி, "சுடு" என்ற இரண்டு எழுத்திலேயே மனம் கலங்கி, மீதியைக் காதில் வாங்காமல் அழ ஆரம்பித்துவிட்டாள். "அண்ணா, நீங்கள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று என்னை அனுப்பியவளும் அவளே.

போய்ச் சேர்ந்த முதல் சனிக்கிழமையே மருமான் ஒரு நீண்ட பெட்டியைத் திறந்து காட்டினான். "மாமா, இதைப் பாருங்கள். நம் தேசத்துச் சாமான்" என்றான்.

உள்ளே இருந்தது ஒரு லீ-என்பீல்டு ரைபிள். நுனிவரையில் மரம் போர்த்தியது, மூக்கு மட்டையானது, அழகு என்று சொல்வதற்கில்லை. பின்கட்டையின் அடியில் பித்தளைத் தகடு. எடை நாலு கிலோவுக்குச் சற்றே குறைவு. பின்கட்டை குழலோடு சேருமிடத்தில் இருந்த இரும்பு வளையத்தைத் திருப்பிக் காட்டினான். ஒரு கிரீடம், அதன் கீழ் ஜி. ஆர். ஐ. என்று மூன்று எழுத்து, அதாவது ஜார்ஜ், ராஜா, சக்கரவர்த்தி. அதற்கும் கீழே, ஈஷாபூர், 1942.

1942! சக்கரவர்த்தியை வெளியேறச் சொல்லித் தேசம் முழுவதும் கிளம்பிய அதே வருஷத்தில், கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி நதிக் கரையில், நம் தொழிலாளிகள் அந்தச் சக்கரவர்த்தியின் முத்திரையைக் குத்தி இதைச் செய்திருக்கிறார்கள். ஈஷாபூரில் 1904-ஆம் வருஷத்திலிருந்து ரைபிள் தொழிற்சாலை நடந்து வருகிறது. சுதந்தரத்துக்குப் பின் கிரீடம் போய் அசோகச் சிங்கங்கள் வந்தன. 1962-ஆம் வருஷத்துச் சீன யுத்தத்துக்குப் பிறகு, இதே உருவத்தை இன்னும் உறுதியான எஃகில் செய்து, 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஏற்றபடி மாற்றி, 2ஏ என்றும் 2ஏ1 என்றும் பெயரிட்டார்கள். பட்டாளத்திலிருந்து கழிக்கப்பட்ட இந்த ஈஷாபூர்த் துப்பாக்கிகள் ஏராளமாக அமெரிக்காவுக்குப் போய், சொற்ப விலைக்கு விற்றன. இப்போது விலை ஏறிவிட்டது என்று மருமான் ஆயாசப்பட்டான்.

இந்தத் துப்பாக்கியின் மூளை ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவருடையது. ஸ்காட்லாந்தில் பிறந்து, கானடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் தொழில் செய்தவர். போல்ட் என்கிற தாழ்ப்பாளைத் தூக்கி இழுத்து மறுபடி தள்ளினால் அடுத்த தோட்டா ஏறிவிடும். பத்துத் தோட்டாக்கள் அடியிலுள்ள பெட்டியில் இருக்கும். 1888-இல் பிரிட்டிஷ் பட்டாளம் இதை எடுத்துக் கொண்டபோது, குழலுக்குள் ஓடும் சுழல் வரிகளை மெட்போர்டு என்பவர் அமைத்திருந்தார். ஆழமில்லாத வரிகள். அவை கரிமருந்துக்குச் சரியாயிருந்தன. ஆனால் கார்டைட் என்னும் புகையில்லா மருந்து வந்ததும், அதன் உஷ்ணம் தாங்காமல் அவ்வரிகள் தேய ஆரம்பித்தன. ஆகவே, என்பீல்டு தொழிற்சாலையில் ஆழமான ஐந்து வரிகளை வெட்டி, 1895-இல் லீ-என்பீல்டு என்று பெயரை மாற்றினார்கள். நம் நீலகிரியில், குன்னூரைத் தாண்டி மலை ரயில் நிற்கும் அருவங்காட்டில் இருக்கிறதே ஒரு பழைய மருந்துத் தொழிற்சாலை, அது இந்தக் கார்டைட்டுக்காகவே ஏற்பட்டது. உதகைக்கு உல்லாசப் பிரயாணம் போகிற எத்தனை பேர் அந்த ஸ்டேஷனில் எட்டிப் பார்த்திருப்பார்கள்?

சுடு மைதானத்தைப் பற்றி நான் என்னவோ கற்பனை செய்திருந்தேன். அங்கே பார்த்தது ஏறக்குறைய ஒரு பரீட்சை மண்டபத்தின் ஒழுங்கு. ஒரு கூரை, அதன் கீழே வரிசையாகக் கனத்த மேஜைகள், 100 கஜத்துக்கு அப்பால் மண் மேடு, மேட்டின் முன் காகிதக் குறிகள். எல்லோரும் காதுக்கு மூடியும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக் கொள்ள வேண்டும். மேற்பார்வையாளர் "நிறுத்து" என்று ஒரு வார்த்தை சொன்னால், அத்தனை பேரும் துப்பாக்கியைக் காலி செய்து, தாழ்ப்பாளைத் திறந்தபடி மேஜை மேல் வைத்துவிட்டுப் பின்னால் வந்து நிற்கிறார்கள். குறியைப் பார்க்க ஆட்கள் மைதானத்துக்குள் போயிருக்கும்போது ஒருவரும் துப்பாக்கியைத் தொடலாகாது. குனிந்து பார்க்கவும் கூடாது. எழுபது வயதுக் கிழவர் ஒருவர் தம் மூக்குக் கண்ணாடியை எடுக்க மேஜையருகே போனார். அவரை இருபது வயதுப் பெண் ஒருத்தி அதட்டிப் பின்னுக்கு வரச் செய்தாள். அவரும் மன்னிப்புக் கேட்டுக் கொண்டு வந்து நின்றார்.

என் முறை வந்தது. "மாமா, முன் முள்ளை மட்டும் தெளிவாகப் பாருங்கள். குறியும் பின் வாயும் மங்கலாக இருந்தால் பாதகமில்லை. மூச்சைப் பாதி விட்டு நிறுத்துங்கள். விசையை இழுக்காதீர்கள், எலுமிச்சம் பழத்தை மெதுவாக அழுத்துவது போல் அழுத்துங்கள்" என்றான். அழுத்தினேன். எப்போது வெடித்தது என்று எனக்கே தெரியவில்லை. பித்தளைத் தகடு தோளில் ஒரு குத்து விட்டது. குறியின் வலது கீழ் மூலையில், வட்டங்களுக்கெல்லாம் வெளியே, ஒரு சிறு துவாரம் விழுந்திருந்தது. "பேஷ்! காகிதத்தில் பட்டுவிட்டதே!" என்றான் மருமான். ஐந்து சுட்டேன். நாலாவது கறுப்புக்குள் போயிற்று. அதை நான் மறக்கப் போவதில்லை. பிறரை மறக்க விடப் போவதுமில்லை.

என்னைக் காட்டிலும் நன்றாகச் சுட்ட ஒரு ஸ்திரீயைப் பற்றிச் சொல்லலாம். இங்கிலாந்தில் தேசீய ரைபிள் சங்கம் 1859-இல் ஏற்பட்டது. மறு வருஷம் விம்பிள்டனில் அதன் முதல் பந்தயத்தை விக்டோரியா மகாராணி துவக்கி வைத்தாள். தூரம் 400 கஜம். குண்டு நடு மையத்திலிருந்து சுமார் ஒன்றே கால் அங்குலத்துக்குள் தைத்தது. ரகசியம் என்னவென்றால், விட்வொர்த் ரைபிளை முன்கூட்டியே இரும்புத் தாங்கியில் குறி பார்த்துப் பூட்டி வைத்திருந்தார்கள். விசையில் பட்டுக் கயிறு கட்டியிருந்தது. மகாராணி கயிற்றை மட்டுமே இழுத்தாள். சாம்ராஜ்யங்கள் பெரும்பாலும் இவ்விதமே குறி தவறாமல் சுட்டிருக்கின்றன.

பிறகு மருமான் சுட ஆரம்பித்தான். முதல் உலக யுத்தத்துக்கு முன் பிரிட்டிஷ் சிப்பாய்க்கு ஒரு பரீட்சை உண்டாம்: 300 கஜத்தில் ஒரு நிமிஷத்துக்குள் 15 வேட்டு, எல்லாம் குறி பார்த்து. அவன் 100 கஜத்தில் பதினொன்று சுட்டான். ஒவ்வொரு முறை தாழ்ப்பாளை இழுக்கும்போதும் காலிப் பித்தளைக் கூடு பளிச்சென்று வலது பக்கம் பறந்து விழுந்தது. நான் அந்தப் பக்கமாகத்தான் பின்னால் நின்று கொண்டிருந்தேன்.

சுட்டு முடிந்ததும் தரையில் மண்டியிட்டுக் கூடுகளைப் பொறுக்கினான். "ஒன்றையும் விடக் கூடாது மாமா. எல்லாம் மறுபடி உபயோகப்படும். மொத்தம் இருபது இருக்க வேண்டும், எண்ணுங்கள்" என்றான். நான் எண்ணினேன். எண்ணிக்கொண்டே வந்தவன் நடுவில் நின்றுவிட்டேன்.

1919-ஆம் வருஷம் ஏப்ரல் 13-ஆம் தேதி. அமிருதசரஸில் ஜாலியன்வாலா பாக். டயர் கொண்டு வந்த ஐம்பது பேர் தோளிலும் இருந்தது இந்த 303 ஜாதிதான். பத்து நிமிஷம் சுட்டார்கள். சுட்ட தோட்டாக்கள் 1,650 என்று பிறகு விசாரணையில் வெளியாயிற்று. அவ்வளவு துல்லியமாக அந்தத் தொகை எப்படித் தெரிந்தது? காலிக் கூடுகளைப் பொறுக்கி எண்ணியதால் தெரிந்தது. இறந்தவர் 379 பேர் என்று சர்க்கார் சொன்னது. ஜனங்கள் அதை நம்பவில்லை. பித்தளைக்கு மட்டும் சரியான கணக்கு இருந்தது. ஆளுக்குச் சராசரி 33 கூடு.

"என்ன மாமா, எத்தனை?" என்றான் மருமான்.

"பத்தொன்பது" என்றேன். நான் நினைத்ததை அவனிடம் சொன்னேன். அவன் கையிலிருந்த கூடுகளைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "இது 1942-இல் செய்த துப்பாக்கி, மாமா" என்றான் கடைசியில். அவ்வளவுதான் பேசினோம். இருபதாவது கூடு அகப்படவில்லை.

அன்று சாயங்காலம் அவனுடைய நிலவறையைப் பார்த்தேன். அங்கேதான் காலிக் கூட்டுக்கு மறு ஜன்மம் நடக்கிறது. இந்தத் தொழிலை நம்மவர் முன் காலத்தில் "மருந்து கெட்டித்தல்" என்பார்கள். அப்போது துப்பாக்கி வாய் வழியாகவே கெட்டித்தார்கள். 1857-இல் வந்த என்பீல்டு துப்பாக்கிக்குக் காகிதத் தோட்டா. அதன் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டைக் கோலால் இடிக்க வேண்டும். காகிதத்தில் தடவிய கொழுப்பு பசுவினுடையதா, பன்றியினுடையதா என்ற சந்தேகம் அந்த வருஷ ஆரம்பத்தில் டம்டமில் எழுந்தது. மார்ச் 29-இல் பாரக்பூரில் மங்கள் பாண்டே கிளம்பினார். அந்தப் பாரக்பூர் ஈஷாபூருக்குப் பக்கத்து ஊர்தான். மீரத்தில் குதிரைப் படையார் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். பிறகு நடந்தது நேயர்கள் அறிந்ததே. அதன் பின், நம் சிப்பாய்களுக்குக் கொடுத்த துப்பாக்கிகளில் சுழல் வரிகளே இல்லாமல் வழவழவென்று செய்து கொடுத்தார்கள். வெள்ளைக்காரப் பட்டாளம் கழித்துப் போட்ட மாதிரியே இந்தியப் பட்டாளத்துக்கு வரும் என்பதும் வழக்கமாயிற்று. தோட்டாவைக் கண்டு அரசாங்கமே பயந்த கதை இது.

பித்தளைக் கூடு வந்ததும் கடிப்பது நின்றது. கூட்டின் அடியில் ஒரு சிறு கேப்பு. தீபாவளிக்குக் குழந்தைகள் வெடிக்கிறார்களே பொட்டு வெடி, அதன் பெரியண்ணன். தாழ்ப்பாளின் ஊசி அதைக் குத்தினால் பொறி உண்டாகி, உள்ளே இருக்கும் மருந்து பற்றுகிறது. இந்தக் கேப்பில் இரண்டு ஜாதி. ஒன்று ஆங்கிலேயரான பாக்ஸர் கண்டது. மற்றது அமெரிக்கரான பெர்டன் கண்டது. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கர் ஆங்கிலேயருடையதைப் பிடித்துக் கொண்டார்கள். ஐரோப்பாவிலும் பிரிட்டிஷ் பட்டாளத்திலும் அமெரிக்கருடையது ஊன்றிவிட்டது! பாக்ஸர் கூட்டின் அடியில் நடுவே ஒரே துவாரம். ஊசியை விட்டுச் சுட்ட கேப்பைத் தள்ளிவிடலாம். பெர்டன் கூட்டில் ஓரமாக இரண்டு சிறு துவாரங்கள், தள்ளுவது பெரும்பாடு. ஆகையால் புதிதாக ஆரம்பிப்பவர் முதலில் கூட்டுக்குள் எட்டிப் பார்த்து, ஒற்றைக் கண்ணா, இரட்டைக் கண்ணா என்று அறிய வேண்டும். பழைய பட்டாளத் தோட்டாக்கள் சிலவற்றில் கேப்பிலே பாதரசம் சேர்ந்திருக்கும். அது பித்தளையை உள்ளுக்குள் நொறுங்கச் செய்துவிடும். அந்தக் கூடுகளை எறிந்துவிட வேண்டியதுதான்.

மருமானின் மேஜையில் ஒரு இரும்பு யந்திரம் திருகி வைத்திருக்கிறது. சேவை நாழிக்கும் அதற்கும் அதிக வித்தியாசமில்லை; கைப்பிடியை அழுத்தினால் கூடு மேலே ஏறி ஒரு அச்சுக்குள் நுழைகிறது. சுடும்போது பித்தளை உப்பிவிடுகிறது. அச்சு அதைப் பழைய அளவுக்குக் கொண்டு வருவதோடு பழைய கேப்பையும் தள்ளுகிறது. பின்னர் நீண்டு போன கழுத்தை நறுக்கி, புதுக் கேப்பு வைத்து, மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டை இருத்த வேண்டும். குண்டின் குறுக்களவு 0.303 அங்குலம் என்று நினைத்து யாரும் வாங்கிவிடக் கூடாது; அது குழல் துவாரத்தின் பெயரளவு. குண்டுக்கு 0.311 வேண்டும்.

இந்த 303-இல் ஒரு விசேஷ உபத்திரவம் உண்டு. சேற்றிலும் புழுதியிலும் சிக்காமல் தோட்டா ஏற வேண்டும் என்று, யுத்தகாலத்தில் குழலின் அறையைத் தாராளமாகக் குடைந்துவிட்டார்கள். ஒவ்வொரு முறை சுடும்போதும் கூடு அந்த அறைக்குத் தக்கபடி நீளுகிறது. நாமோ அச்சில் இட்டு முழுதும் சுருக்குகிறோம். மறுபடி நீளுகிறது, மறுபடி சுருக்குகிறோம். நாலைந்து தடவையில் அடிக்குச் சற்று மேலே பித்தளை மோதிரம் போல் மெலிந்து, ஒரு நாள் கூடு இரண்டாகப் பிரிந்து விடுகிறது. பாதி வெளியே வரும். பாதி உள்ளேயே தங்கும். பரிகாரம் சுலபமானது. கழுத்தை மட்டும் சுருக்கி, உடம்பை அப்படியே விட்டுவிட வேண்டும். அந்தக் கூட்டை அதே துப்பாக்கிக்கு மட்டும் உபயோகிக்க வேண்டும். அளவெடுத்துத் தைத்த சட்டையை அண்டை வீட்டுக்காரருக்குக் கொடுப்பதில்லை அல்லவா? ஒரு கம்பியின் நுனியை வளைத்துக் கூட்டுக்குள் விட்டுத் தடவினால், மெலிந்த இடம் பள்ளமாகத் தட்டுப்படும். மருமான் ஒவ்வொரு கூட்டையும் வைத்தியர் நாடி பார்ப்பது போல் தடவிப் பார்க்கிறான்.

மருந்தின் எடையைச் சொல்லும் அளவு கிரெய்ன். 7,000 கிரெய்ன் ஒரு பவுண்டு. நம் குன்றிமணி எடையில் ஏறக்குறைய பாதி. பட்டாளத்து ஏழாம் மார்க் குண்டு 174 கிரெய்ன். விநாடிக்கு 2,440 அடி வேகம். மருந்து எவ்வளவு போடுவது என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. மருமானும் மனப்பாடமாக வைத்திருக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் மருந்துக் கம்பெனி அச்சிட்ட புத்தகத்தைத் திறந்து, விரலை வைத்துப் படித்து, அதில் கண்ட மிகக் குறைந்த அளவிலிருந்து ஆரம்பிக்கிறான். இரண்டு டப்பா மருந்து ஒரே சமயத்தில் மேஜை மேல் இருக்கக் கூடாது. மருந்து நிறுக்கும்போது பேச்சுக் கூடாது, ரேடியோ கூடாது. அவன் மனைவி இதை "மௌன விரதம்" என்கிறாள். நிறுத்துப் போட்ட பிறகு, கூடுகளைப் பலகையில் வரிசையாக நிறுத்தி, மேலே விளக்கைப் பிடித்து ஒவ்வொன்றையும் எட்டிப் பார்க்கிறான். இரட்டிப்பு மருந்து விழுந்திருந்தால் துப்பாக்கி சிதறும். மருந்தே விழாமல் போனால் அதுவும் மகா அபாயம்: கேப்பு மட்டும் "டப்" என்று வெடித்து, குண்டு குழலின் நடுவில் மாட்டிக்கொள்ளும், அதை அறியாமல் அடுத்ததைச் சுட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வேட்டின் சப்தம் குறைவாகக் கேட்டால் உடனே நிறுத்திக் குழலைப் பார்ப்பது என்பது அவன் கற்ற முதல் பாடமாம்.

"இதனால் செலவு மிச்சமாகிறதா?" என்று கேட்டேன்.

"தோட்டாவுக்குப் பாதி விலைதான் ஆகிறது, மாமா."

"ஆமாம், ஆனால் சுடுவது மூன்று மடங்கு ஆகிவிட்டது" என்று மாடிப்படியிலிருந்து ஒரு குரல் வந்தது.

நம் தேசத்தில் இந்தப் பொழுதுபோக்குக்கு வழி குறைவு. 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் ஜனங்களை நிராயுதபாணிகளாக்கியது. 1931-இல் கராச்சிக் காங்கிரஸ் நிறைவேற்றிய உரிமைகளில், விதிகளுக்குட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் ஒன்று என்பது இப்போது பலருக்கு ஞாபகமில்லை. 1950-இல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தில் அது இடம் பெறவில்லை. மருமானுடைய ஊர்ப் பத்திரிகைகளைத் தினந்தோறும் படித்த பிறகு, அதற்காக நான் வருத்தப்படவில்லை. இப்போது நடப்பது 1959-ஆம் வருஷத்துச் சட்டம். அனுமதியின்றித் துப்பாக்கி வைப்பதும் தோட்டாச் செய்வதும் குற்றம். 303 பட்டாளத்து அளவானபடியால் சாதாரண ஜனங்களுக்கு விலக்கப்பட்டது. அதற்காகவே ஈஷாபூரில் 0.315 என்று வேறு அளவில் வேட்டைத் துப்பாக்கி செய்தார்கள். போலீஸாரிடம் மட்டும் 303 வெகுகாலம் தங்கியது. உத்தரப் பிரதேசத்தில் 2020-ஆம் வருஷத்துக் குடியரசு தினத்தோடுதான் விடை கொடுத்தார்கள்.

ஒரு காரியம் பாக்கி. கடைசியில் சுட்ட நாலைந்து தோட்டாக்கள், இருபதில் சேராத பழைய பட்டாளத்துத் தோட்டாக்கள். அவற்றின் கேப்பிலுள்ள குளோரேட் எரிந்து ஒருவகை உப்பாகக் குழலில் படியும். உப்பு ஈரத்தை இழுக்கும். ஓரிரு நாளில் துரு ஏறிவிடும். எண்ணெய்க்கு உப்புக் கரையாது. கொதிக்கும் வெந்நீரைப் புனல் வைத்துக் குழலில் ஊற்ற வேண்டும், உப்பும் போகும், சூட்டில் குழலும் தானே உலரும், அப்புறம் எண்ணெய். அந்தக் காலத்துச் சிப்பாய்களும் இதைத்தான் செய்தார்கள். சமையலறைப் புனலையும் காப்பிக் கெட்டிலையும் இதற்கு எடுத்தது பற்றி அந்த வீட்டில் நடந்த சம்வாதத்தை நான் வெளியிடுவது மரியாதையல்ல.

நான் ஊருக்குப் புறப்படும் முந்திய நாள், மருமானின் மனைவி என் கம்பளிக் கோட்டை இஸ்திரி போட எடுத்தாள். பையில் ஏதோ கனமாக இருக்கிறதே என்று கையை விட்டாள். பித்தளைக் கூடு! மைதானத்தில் பறந்து வந்து நேராக என் பைக்குள் இறங்கியிருக்கிறது.

மருமானுக்கு முகம் வெளுத்துவிட்டது. "மாமா! இதோடு மீனம்பாக்கத்தில் இறங்கியிருந்தால் காலிக் கூட்டுக்கே ஒரு நாள் முழுதும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்" என்றான். பிறகு அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். வளைந்த கம்பியை உள்ளே விட்டுத் தடவினான். திருப்தியுடன் பெட்டியைத் திறந்து, காலியாயிருந்த இருபதாவது குழியில் வைத்தான்.